பட்டாளத்துப் பெட்டியில் கிடக்கும் படங்களைக் காப்பாற்ற

நீலகிரியில் வெலிங்டன், குன்னூர்ப் பக்கம் பல வீடுகளின் பரணில் ஒரு கறுப்பு டிரங்குப் பெட்டி இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் அதைத் திறக்காதீர்கள். அந்த மழையில் காற்றே நனைந்திருக்கும். தை பிறந்தபின், பனி விலகிய முற்பகலில் திறங்கள்.

எந்தப் படத்தையும் அதன் உறையிலிருந்து பிரித்துவிடாதீர்கள். மதராஸ் ரெஜிமெண்டில் இருந்த என் அப்பா, 1971 போரின்போது தம் ஆக்ஃபா கிளிக் 3 கேமராவில் எடுத்த படங்களை அம்மாவுக்கு அனுப்பினார். இருக்கும் இடத்தை எழுத முடியாது. முகவரி, ராணுவ அஞ்சல் நிலையத்தைக் குறிக்கும் '56 ஏ.பி.ஓ.' மட்டும்தான். ஆகவே உறைமேல் விழுந்த முத்திரைத் தேதிதான் நமக்குத் துப்பு. ஒரு படத்தின் பின்னால் அம்மா, 'ஸ்வெட்டர் போட்டிருக்கிறார்' என்று எழுதியிருக்கிறார். தாம் பின்னி அனுப்பியது போய்ச் சேர்ந்ததை அவர் அந்தப் படத்தைப் பார்த்தே அறிந்தார். அதனால் பின்புறத்தையும் உறையையும் தவறாமல் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாகக் குறிக்க வேண்டுமானால் பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள்.

பூஞ்சணம் பிடித்திருந்தால் ஈரத்துணி கூடவே கூடாது. பூஞ்சணம் அரித்த ஜெலட்டின் தண்ணீர் பட்டால் கரையும். முகமே துணியோடு வந்துவிடும். நிழலான திண்ணையில் காற்றாட உலர்த்தி, மூக்கை மூடிக்கொண்டு, மென்மையான தூரிகையால் தட்டிவிடுங்கள். சட்டத்தின் கண்ணாடியில் ஒட்டிய படத்தைப் பிய்க்காமல் அப்படியே படமெடுங்கள். லேமினேஷன் வேண்டாம்.

நெகட்டிவ் கிடைத்தால் அதுதான் பெரிய சொத்து. கிளிக் 3 கேமராவில் ஒரு சுருளுக்கு 12 சதுரப் படங்கள். ஓரத்து எண்கள் எது முன், எது பின் என்று சொல்லும். ஓரத்தை மட்டும் பிடியுங்கள். கணினித் திரையை வெள்ளையாக ஒளிரவிட்டு, நடுவே டிரேசிங் தாள் வைத்து, நெகட்டிவைத் திரையில் படாமல் சற்றுத் தள்ளிப் பிடித்து செல்போனில் எடுத்தால் போதும். கறுப்பை வெள்ளையாக மாற்றும் செயலிகள் உண்டு. காடி (வினிகர்) நெடி அடிக்கும் நெகட்டிவை மற்றவற்றோடு வைக்காதீர்கள். முதலில் அதையே பிரதி எடுங்கள். பிலிம் செய்த ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை (ஊட்டி இந்து நகர்) இருந்த மலையிலேயே இவை அழிவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

கேமரா வைத்திருந்த சிப்பாய்கள் சிலரே. அப்பாவின் தோளில் கைபோட்டு நிற்பவரின் வீட்டில் அந்த நாளின் படம் ஒன்றுகூட இல்லாமல் இருக்கலாம். பெயரோ ஊரோ தெரிந்தால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரித்து, அந்தக் குடும்பத்துக்கு ஒரு பிரதி அனுப்புங்கள்.