நீர்க்கரைக் குடியிருப்பில் வாடகைக்கு வீடு எடுக்குமுன்

சரக்குப் பெட்டகங்களை ஏற்றிவரும் பெருங்கப்பல்கள் வழக்கத்துக்கு வந்தபின், அவற்றுக்கு வேண்டிய ஆழமும் பெட்டகங்களை அடுக்கி வைக்கப் பரந்த நிலமும் நகரின் நடுவில் இல்லாததால், துறைமுகங்கள் கடலை நோக்கி நகர்ந்துவிட்டன. அவை விட்டுச் சென்ற துறைகளும் பண்டகசாலைகளும் பல ஆண்டுகள் வெறிச்சோடிக் கிடந்து, பின்னர் குடியிருப்புகளாகவும் அலுவலகங்களாகவும் நடைபாதைகளாகவும் மாறின. லண்டனின் ராயல் கப்பல்துறைகள் சரக்குப் போக்குவரத்துக்கு மூடப்பட்டதும், அந்நகரின் பழைய துறைமுகப் பகுதியான டாக்லாண்ட்ஸுக்கெனத் தனி வளர்ச்சிக் கழகம் அமைக்கப்பட்டதும் ஒரே ஆண்டில், 1981-இல் நடந்தன. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரம் 1997-இல் அறிவித்த, பழைய துறைமுக நிலத்தில் எழும் ஹாஃபன்சிட்டி என்ற புதுநகர்ப் பகுதி 157 ஹெக்டேர் பரப்பில் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது.

இத்தகைய பகுதியில் வீடு தேடுபவருக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். வாடகையை உயர்த்துவது சன்னலுக்கு வெளியே தெரியும் நீர். குடியேறிய பிறகு அன்றாட வாழ்க்கையைத் தீர்மானிப்பதும் அதே நீரின் ஈரமும் காற்றும் ஒலியும் ஏற்ற இறக்கமும்தான். ஆகவே, வீட்டைச் சோதித்துப் பார்ப்பதுபோலவே நீரையும் சோதித்துப் பார்க்க வேண்டும்.

தரகர் வீட்டைக் காட்டுவது பெரும்பாலும் வெயிலடிக்கும் பகல்பொழுதில்தான் இருக்கும். அந்த ஒரு பார்வையை நம்பி முடிவெடுக்காமல், வார இறுதி இரவு ஒன்றிலும், காற்றடிக்கும் அல்லது மழை பெய்யும் நாள் ஒன்றிலும், வேலைக்குச் செல்லும் காலை நேரத்திலும் அங்கே போய் நிற்க வேண்டும். இரவில் போகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நீர்ப்பரப்பு ஒலியை உறிஞ்சுவதில்லை, திருப்பி அனுப்பிவிடுகிறது. மேலும், மாலையில் நீரை ஒட்டிய காற்று குளிர்ந்து, அதற்கு மேலுள்ள காற்று வெப்பமாக இருக்கும்போது, மேலே எழுந்து கலைந்துபோக வேண்டிய ஒலி வளைந்து மீண்டும் கீழே இறங்குகிறது. பகலில் காதில் விழாத எதிர்க்கரை உணவகத்தின் பேச்சுச் சத்தம் இரவில் படுக்கையறைக்குள் சொல் சொல்லாகக் கேட்பது இதனால்தான். பாய்மரப் படகுகள் கட்டப்பட்டிருக்கும் துறையாக இருந்தால், சற்றுக் காற்றடித்தாலும் பாய்க்கயிறுகள் உலோகப் பாய்மரத்தில் மோதி 'டிங், டிங்' என்று விடியும்வரை ஒலித்துக்கொண்டிருக்கும். சிலருக்கு அது தாலாட்டு. தூக்கம் இலேசானவர்களுக்கு அது ஒப்பந்தத்தையே முறித்துக்கொள்ளத் தூண்டும் தொல்லை.

காற்றைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். திறந்த நீர்ப்பரப்பில் தடையின்றி வரும் காற்று உயர்ந்த கட்டடத்தில் மோதிக் கீழே இறங்கி, அதன் மூலைகளில் வேகமெடுக்கிறது. ஸ்வீடனின் மால்மோ நகரில், பழைய கப்பல் கட்டும் தளத்தின் மேல் 2001-இல் திறக்கப்பட்ட குடியிருப்பில், கடலை ஒட்டி உயரமான கட்டடங்களை அரண்போல நிறுத்தி, அவற்றின் பின்னால் குறுகிய, வளைந்த சந்துகளையும் சிறிய முற்றங்களையும் அமைத்தார்கள். அப்படிப்பட்ட அமைப்பு உள்ள இடத்தில், நேரே கடலைப் பார்க்கும் வீட்டைவிட உள்வரிசை வீடே வாழ்வதற்கு இதமானது என்பது என் எண்ணம். பெரும்பாலும் அதற்கு வாடகையும் குறைவு. நீரைப் பார்க்க இருநூறு அடி நடந்தால் போதும்.

தமிழில் 'ஓதம்' என்ற ஒரே சொல் கடலின் ஏற்றவற்றத்தையும் சுவரில் படரும் ஈரத்தையும் குறிக்கிறது. நீர்க்கரையில் குடியிருப்பவர் இரண்டையும் அறிந்திருக்க வேண்டும். அவற்றுள் அன்றாடம் அதிகம் படுத்துவது இரண்டாவது. வீட்டைப் பார்க்கும்போது பால்கனிக் கதவின் கீழ்ச்சட்டத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். கடற்காற்று படும் இடத்தில் அலுமினியம் அரிக்கப்பட்டு வெண்ணிறப் பொடி விரலில் ஒட்டும். கீல்களிலும் திருகாணிகளின் தலையிலும் துருவின் கோடு இறங்கியிருக்கும். கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டை வெடித்திருந்தால் காற்றோடு மழையும் உள்ளே வரும் என்று கொள்ளலாம். சன்னலோரச் சுவரின் கீழ்மூலைகளில் மட்டும் வண்ணம் புதிதாகப் பூசியிருந்தால், ஏன் அங்கே மட்டும் பூசினார்கள் என்று தயங்காமல் கேளுங்கள். நான் குடியிருந்த ஒரு வீட்டில் வெளிச்சுவரோடு ஒட்டித் துணி அலமாரியை நிறுத்தியிருந்தேன். குளிர்காலம் முடிந்து அதை நகர்த்தியபோது பின்பலகை முழுவதும் கரும்பூஞ்சை படர்ந்திருந்தது. உள்ளே மடித்து வைத்திருந்த கம்பளி ஆடைகள் கையில் எடுக்கும்போதே சில்லென்று நனைந்தவைபோல் இருந்தன. குளிர்ந்த வெளிச்சுவரில் காற்றின் ஈரம் நீராகப் படிவதே இதற்குக் காரணம். அறைக்கலன்களுக்கும் வெளிச்சுவருக்கும் இடையே ஒரு சாணாவது இடைவெளி விட வேண்டும். சிறிய ஈரப்பதமானி ஒன்றை வாங்கி வைத்து, அளவு 40 முதல் 60 விழுக்காட்டுக்குள் இருக்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். தொடர்ந்து 70-ஐத் தாண்டினால் பூஞ்சை வருவதைத் தடுப்பது கடினம். துணி உலர்த்த வீட்டுக்குள் இடம் எங்கே, சமையலறை, குளியலறைகளின் காற்றுப்போக்கி உண்மையில் காற்றை இழுக்கிறதா என்பவற்றையும் அங்கேயே சோதித்துவிடலாம். காற்றுப்போக்கியின் வாயில் ஒரு காகிதத் துண்டைப் பிடித்தால் அது ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

கோடையில் சிக்கல் தலைகீழாக மாறுகிறது. இப்பகுதிகளின் புதுக் கட்டடங்களில் தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி இருப்பது வழக்கம். சூரியன் தாழ்ந்திருக்கும்போது நீரின் மேல் சாய்வாக விழும் ஒளியில் பெரும்பங்கு எதிரொளிப்பதால், மேற்குப் பார்த்த வீட்டுக்கு மாலை வெயில் வானிலிருந்தும் நீரிலிருந்தும் இருமுறை வருகிறது. எத்தனை சன்னல்கள் திறக்கின்றன, எவ்வளவு தூரம் திறக்கின்றன, எதிரெதிர்ப் பக்கங்களில் திறப்பு உண்டா என்பதைப் பார்க்க வேண்டும். உயர்மாடிகளில் பாதுகாப்புக்காகச் சன்னலைச் சில அங்குலத்துக்கு மேல் திறக்க முடியாமல் பூட்டியிருப்பதுண்டு.

இனி வெள்ளம். ஹாம்பர்க்கில் 1962-இல் புயல் வெள்ளம் முந்நூறுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. அந்த நினைவோடு கட்டப்பட்ட ஹாஃபன்சிட்டியில் கட்டடங்கள் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ எட்டு மீட்டருக்கு மேல் உயர்த்திய மேடுகளில் நிற்கின்றன. நீரை ஒட்டிய தாழ்வான நடைபாதை மூழ்குவதற்கென்றே விடப்பட்டிருக்கிறது. லண்டனை 1982 முதல் தேம்ஸ் ஆற்றின் வெள்ளத் தடுப்பணை காக்கிறது. எல்லா நகரங்களும் இவ்வளவு யோசித்துச் செய்தவையல்ல. ஆகவே அரசு வெளியிடும் வெள்ள வரைபடத்தில் முகவரியைத் தேடிப் பார்த்துவிட்டு, கட்டட நிர்வாகத்திடம் நேரடியாக ஒரு கேள்வி கேட்க வேண்டும்: மின்னிணைப்புப் பலகை, நீரேற்றும் பம்ப், லிஃப்ட் இயந்திரம் ஆகியவை எந்தத் தளத்தில் உள்ளன? பத்தாவது மாடியில் இருப்பவர் நனையமாட்டார். ஆனால் நிலவறையில் இருக்கும் மின்பலகை நீரில் மூழ்கினால் அவருக்கு விளக்கும் குழாய்நீரும் லிஃப்டும் ஒன்றாக நின்றுவிடும். வண்டியை நிலவறையில் நிறுத்துவதானால், வெள்ள எச்சரிக்கை எப்படி வரும், எத்தனை மணிக்குள் வண்டியை எடுக்க வேண்டும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். உரிமையாளரின் காப்பீடு பொதுவாகக் கட்டடத்துக்கு மட்டுமே பொருந்தும். உங்கள் பொருட்களுக்கு நீங்களே காப்பீடு எடுக்க வேண்டும், அதில் வெள்ளம் விலக்கப்படவில்லை என்பதையும் படித்து உறுதிசெய்ய வேண்டும்.

ஒப்பந்தத்தில் வாடகைத் தொகையைத் தாண்டிப் பார்க்க வேண்டியவை பல. பல புதிய நீர்க்கரைப் பகுதிகளில் ஒரே மைய நிலையத்திலிருந்து குழாய் வழியாக எல்லா வீடுகளுக்கும் வெப்பமோ குளிர்ச்சியோ செல்கிறது. திறமையான ஏற்பாடுதான், ஆனால் மின்சாரத்தைப்போல நிறுவனத்தை மாற்றிக்கொள்ள முடியாது. எனவே முந்தைய குடியிருப்பாளரின் ஓராண்டுக் கட்டணச் சீட்டுகளைக் காட்டுமாறு கேட்பது முறையானதே. பராமரிப்புக் கட்டணத்தை யார் செலுத்துகிறார்கள், வாகன நிறுத்தம் வாடகையில் அடங்குமா என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். லண்டன் கிரென்ஃபெல் கோபுரத்தில் 2017-இல் நேர்ந்த தீவிபத்துக்குப் பின் உயர்மாடிகளின் வெளிச்சுவரை மூடும் பலகைகள் எளிதில் தீப்பற்றுமா என்ற கேள்வி எங்கும் எழுந்திருக்கிறது. தீப்பாதுகாப்பு ஆய்வு எப்போது நடந்தது, பலகைகளை மாற்றும் வேலை வரவிருக்கிறதா என்று கேளுங்கள். வந்தால் மாதக்கணக்கில் சாரமும் திரையும் சன்னலை மறைக்கும்.

அதைவிடப் பெரிய மறைப்பு, எதிரே வரவிருக்கும் அடுத்த கட்டடம். இத்தகைய பகுதிகள் இருபது முப்பது ஆண்டுகள் கட்டம் கட்டமாக எழுபவை. சன்னலுக்கு எதிரே புல்தரையோ தற்காலிக நிறுத்துமிடமோ தெரிந்தால், நகரத் திட்டமிடல் அலுவலகத்தில் பொதுமக்கள் பார்வைக்கு வைத்திருக்கும் வரைபடத்தில் அந்த நிலத்துக்கு என்ன அனுமதி உள்ளது என்று பார்த்துவிடுங்கள். அடித்தளத் தூண்களை நிலத்தில் அடித்து இறக்கும் வேலை தொடங்கவிருக்கும் மனைக்கு எதிரே இரண்டாண்டு ஒப்பந்தம் போடுவதைவிட, ஆறு மாதத்தில் விலகும் உரிமையோடு போடுவது நல்லது.

போக்குவரத்தில் ஒரே ஒரு பாலத்தையோ ஒரே ஒரு ரயில் தடத்தையோ நம்பியிருக்கும் இடமா என்று பாருங்கள். டாக்லாண்ட்ஸ் இலகு ரயில் 1987-இல் வந்தது. ஜூபிலி சுரங்க ரயில் 1999 வரை அப்பகுதிக்கு வரவில்லை. வீடுகள் முதலில் வரும், ரயில் பிறகு வரும். கப்பலுக்காகத் திறக்கும் பாலமாக இருந்தால் அது திறக்கும் நேர அட்டவணையைக் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

குழந்தைகள் இருக்கும் வீட்டார் கரையின் விளிம்பை நடந்து பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது. பழைய துறைச்சுவர்கள் செங்குத்தானவை. நீரில் விழுந்தவர் பிடித்து ஏற இடம் இருக்காது. ஏணிகள் எங்கே பொருத்தப்பட்டுள்ளன, மிதவை வளையங்கள் அவற்றின் இடத்தில் தொங்குகின்றனவா என்று பார்த்து, குழந்தைகளுக்கும் காட்டி வையுங்கள். மூடிய துறைகளில் தேங்கிய நீர் கோடையில் பச்சைப் பாசியால் நிறம் மாறியிருந்தால் நாயைக்கூட இறங்கவிட வேண்டாம், அது நஞ்சாக இருக்கக்கூடும்.

சாவி கைக்கு வந்த நாளில், பெட்டிகளைப் பிரிப்பதற்கு முன், ஒவ்வொரு சன்னலின் சட்டத்தையும் வெளிச்சுவர் மூலையையும் பால்கனிக் கீலையும் தேதி தெரியும்படி படமெடுத்து அன்றே உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள். உப்புக் காற்று செய்த அரிப்புக்கு உங்கள் முன்பணத்தில் கழிக்க முற்பட்டால் பேசப்போவது அந்தப் படங்கள்தான். ஈரப்பதமானியின் அளவையும் முதல் சில மாதங்கள் காலை மாலை குறித்து வையுங்கள். பூஞ்சை வந்தால், நீங்கள் சன்னலைத் திறக்காததால் வந்ததா, சுவரில் குறை இருப்பதால் வந்ததா என்ற வழக்கில் அந்தக் குறிப்பேடு உங்கள் பக்கம் நிற்கும்.