தாழ்ந்த கிளையை முன்கூட்டியே காட்டும் குச்சி

மரங்களுக்கு இடையே டிராக்டர் ஓட்டும்முன், முன்பம்பரில் விரல் கனத்தில் ஒரு மூங்கில் குச்சியை நிமிர்த்திக் கட்டுங்கள். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ரோல்பார் (வண்டி கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் இரும்புச் சட்டம்), சைலன்சர் இரண்டில் எது உயரமோ அதைவிட 10 செ.மீ. மேலே குச்சியின் நுனி இருக்கட்டும். நுனியில் ஒரு சிவப்புத் துணி.

உழும்போது பாதி நேரம் கண் பின்னால் கலப்பை மேல்தான் இருக்கும். குச்சி கிளையில் ‘சரக்’கென்று உரசி வளையும்போது, அந்தக் கிளை உங்கள் தலைக்கு ஏறக்குறைய 2 மீட்டர் முன்னால்தான் இருக்கிறது. மணிக்கு 3 கி.மீ. வேகத்தில் அது 2 நொடிக்குச் சற்று மேல்; கிளட்சையும் பிரேக்கையும் மிதிக்கப் போதும். வேகமாக ஓட்டினால் குச்சியால் பயனில்லை. காய் பாரத்திலும் மழை ஈரத்திலும் கிளை தாழும், அதனால் நேற்று இடிக்காதது இன்று இடிக்கும்.

பட்டுப்போன மரத்தடியில் இதை நம்பாதீர்கள், உரசலிலேயே காய்ந்த கிளை முறிந்து விழும். மின்கம்பி அருகே வேண்டவே வேண்டாம். அங்கே குச்சியே ஆபத்து. ரோல்பாரை மடக்கித்தான் நுழைய முடியும் என்றால் சீட் பெல்ட் போடாதீர்கள்; மடக்கிய ரோல்பார் காக்காது, கவிழும் வண்டியோடு பெல்ட் உங்களைக் கட்டிவைத்துவிடும். மரத்தடியைத் தாண்டியதும் ரோல்பாரை நிமிர்த்தி, அதன் பூட்டு ஊசியை (pin) செருகிப் பூட்டி, பெல்ட்டை மாட்டிக்கொள்ளுங்கள்.