கடல் எந்தப் பக்கம், டீச்சர்?

புதிதாக வேலைக்கு வந்த ஆசிரியை ஒருவர் போன வாரம் நான்காம் வகுப்பில் "கிழக்கே வங்கக்கடல்" என்று திரும்பத் திரும்பச் சொல்ல வைத்துக்கொண்டிருந்தார். வெளியே நின்று கேட்ட எனக்கு மனசு பதறியது. ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் உள்ள மண்டபம் என்ற ஊரில் நானும் அப்படித்தான் தொடங்கினேன். பாடத்தை வேகமாக நடத்துவது, கரும்பலகையைப் பார்த்தே பேசுவது எல்லாம் எவரும் சொல்லித் தருவார்கள். அதை விட்டுவிட்டு, கடலோரப் பள்ளியில் புதியவர்கள் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

புத்தகத் திசையை வைத்துப் பிள்ளையைத் திருத்துவது

"கடல் எந்தத் திசையில் உள்ளது?" என்று தேர்வில் கேட்டிருந்தேன். ஒரு பையன் "வடக்கேயும் தெற்கேயும்" என்று எழுதினான். தவறு போட்டேன். தமிழ்நாட்டுக்குக் கிழக்கே வங்கக்கடல், சரி. ஆனால் மண்டபம் கடலுக்குள் நீண்ட ஒடுங்கிய நிலம். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. "வாடைக் காலத்துல எங்கப்பா தென்கடலுக்குத்தான் போவாங்க டீச்சர்" என்று எழுந்து விளக்கினான். உட்காரச் சொன்னேன். அந்த ஆண்டு முடியும்வரை அவன் கை தூக்கவில்லை. இன்று நினைத்தாலும் என்மேல் கோபம் வருகிறது.

வாடை (வடகாற்று), கொண்டல் (கீழ்காற்று), கச்சான் (மேல்காற்று), சோழகம் (தென்காற்று) என்று காற்றின் பேர் சொல்லும் பிள்ளைக்குத் திசை ஏற்கெனவே தெரியும். நாம்தான் வரைபடத்தைச் சுவரில் மாட்டி, வடக்கு என்றால் கூரைப் பக்கம் என்று நம்ப வைக்கிறோம். படத்தைத் தரையில் விரியுங்கள். அதன் வடக்கை ஊரின் வடக்குக்குத் திருப்புங்கள். அப்புறம் எந்த ஓரத்திலிருந்து எந்தக் காற்று வரும் என்று கேளுங்கள். ஓரங்களில் அவர்களே எழுதட்டும்.

உச்சிவேளை நிழல் வடக்கே விழும் என்பது

நம் கரையில் ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசிவரை தெற்கே விழும். ஜூனில் பள்ளி திறந்ததும் குச்சி நட்டுப் பாருங்கள்.

அப்பா என்ன வேலை என்று எழுப்பி நிறுத்திக் கேட்பது

கூடாது. கடலுக்குப் போன அப்பா இலங்கைச் சிறையில் இருக்கும் பிள்ளையும் அந்த வரிசையில் உட்கார்ந்திருக்கலாம்.

தனுஷ்கோடியைக் கோடிட்ட இடமாக்குவது

1964 டிசம்பர் புயல் என்று நிரப்பினால் மதிப்பெண் வரும். அந்த ஊரில் வாழ்ந்தவர்கள் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள். வீட்டில் முதலில் கேட்டு, சம்மதித்தால் மட்டும் அழையுங்கள். என் வகுப்புக்கு ஒரு மாணவியின் தாத்தா வந்தார். ரயில் நிலையமும் தேவாலயமும் எங்கே இருந்தன என்று தரையில் வரைந்து காட்டச் சொன்னேன். சாக்பீஸைக் கையில் வாங்கியவர் முதலில் கேட்டது, "வடக்கு இங்கிட்டுத்தானே?"