கலவரம் ஓய்ந்த தீவுக்குப் போகலாமா? முடிவெடுக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

2021 நவம்பர் 24 அன்று, பசிபிக் பெருங்கடலில் உள்ள சாலமன் தீவுகளின் தலைநகர் ஹொனியாராவில், பிரதமர் மனாசே சொகவாரே பதவி விலகக் கோரி நாடாளுமன்றத்துக்கு முன் ஒரு கூட்டம் திரண்டது. அன்றே தீவைப்பு தொடங்கிவிட்டது. சைனாடவுன் எரிந்தது. சீனர்களின் கடைகள் நிறைந்த அந்தப் பகுதியில், கருகிய ஒரு கட்டடத்துக்குள் மூன்று உடல்கள் கிடைத்தன. கோவிட் காரணமாக எல்லைகள் அப்போது மூடியிருந்தன. 2022 ஜூலையில் திறந்ததும், போகலாமா வேண்டாமா என்ற கேள்வி வந்தது.

"நாடே பற்றி எரிகிறது" என்று எடுத்துக்கொள்வதுதான் முதல் தவறு. சாலமன் தீவுகள் நூற்றுக்கணக்கான தீவுகள் சேர்ந்த நாடு. எரிந்தது குவாடல்கனால் தீவில் இருக்கும் ஹொனியாரா, அதிலும் சில பகுதிகள். முக்குளிக்கப் போகிறவர்கள் தங்கும் கிசோவும் முண்டாவும் மேற்கு மாகாணத்தில், பல நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கின்றன. தலைநகரத்தில் கடை எரிந்ததற்காக அங்கே படகு ஓட்டிப் பிழைப்பவரின் வருமானம் அற்றுப்போவதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

ஆனால் இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு: "நான் போகும் தீவில் ஒன்றும் இல்லை, எனக்கென்ன?" என்பது. கிசோவுக்குப் போகிறவர்களும் பெரும்பாலும் ஹொனியாராவில் இறங்கித்தான் விமானம் மாற வேண்டும். நேரம் பொருந்தாவிட்டால் ஓர் இரவு நகரத்தில் தங்க வேண்டிவரும். விமான நிலையத்திலிருந்து நகரத்துக்குள் வரும் சாலையோ, 2021-இல் சூறையாடப்பட்ட ரனாடி தொழிற்பகுதியையும் சைனாடவுனையும் ஒட்டித்தான் வருகிறது. ஆகவே தீவைப் பார்ப்பதோடு நிறுத்தாமல் வழியையும் பாருங்கள். 2024 மே மாதக் கலவரத்தின்போது, பிரான்சின் ஆட்சியில் உள்ள பசிபிக் தீவான நியூ கலிடோனியாவில் இதுவே நடந்தது. தலைநகர் நூமெயாவுக்கும் தொந்தூத்தா விமான நிலையத்துக்கும் நடுவே ஏறக்குறைய 50 கிலோமீட்டர் சாலை. அதில் தடுப்புகள் முளைத்தன. வணிக விமானங்கள் சுமார் ஒரு மாதம் நின்றுபோயின. விடுதிக்குள் பத்திரமாக இருந்த சுற்றுலாப் பயணிகளும் வெளியேற வழியின்றி, ராணுவ விமானங்களுக்காகக் காத்திருந்தார்கள்.

அடுத்தது, நாட்களை எண்ணுவது. "கலவரம் நின்று இரண்டு வாரம் ஆகிவிட்டது, சரி, கிளம்பலாம்" என்பார்கள். நான் பார்த்தவரை இதுதான் மிகவும் பரவலான தவறு. சாலமன் தீவுகளில் நாட்காட்டியைவிட நாடாளுமன்ற அட்டவணை அதிகம் சொல்லும். 2006 ஏப்ரலில் ஸ்னைடர் ரினி பிரதமராகத் தேர்வானதும் சைனாடவுன் எரிந்தது. 2019 ஏப்ரலில் சொகவாரே தேர்வான அன்றும் ஹொனியாராவில் கல்வீச்சு நடந்தது. அங்கே பிரதமரை நாடாளுமன்ற உறுப்பினர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். வாக்களிப்பு முடிந்து பல நாள் பேரம் நடக்கும். பதற்றமெல்லாம் அந்த இடைவெளியில்தான். 2021 கலவரத்துக்குப் பிறகும் டிசம்பர் 6 அன்று நம்பிக்கையில்லாத் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்து தோற்றது. எல்லை மட்டும் திறந்திருந்து, நவம்பர் கடைசியில் ஊர் அடங்கிவிட்டது என்று பயணச்சீட்டு எடுத்திருந்தால், அந்த நாளில்தான் போய் இறங்கியிருப்போம். அதற்காக எல்லாத் தேர்தலும் கலவரத்தில் முடியும் என்றும் இல்லை. 2024-இல் ஜெரமையா மனேலே பிரதமரானபோது ஊர் அமைதியாகவே இருந்தது.

அவசரநிலை என்ற சொல்லை மட்டும் பார்த்து முடிவெடுப்பதும் சரியில்லை. மற்றொரு பசிபிக் தீவு நாடான டோங்காவில் 2006 நவம்பர் கலவரத்துக்குப் பின் அவசரகால விதிகள் நான்கு ஆண்டுகளுக்கு மேல் நீட்டிக்கப்பட்டுக்கொண்டே இருந்தன. அத்தனை நாளும் தெருவில் கலவரம் நடக்கவில்லை. மாறாக, பப்புவா நியூ கினியின் தலைநகர் போர்ட் மோர்ஸ்பியில் 2024 ஜனவரி 10 அன்று எந்த அறிவிப்பும் முன்னால் வரவில்லை. சம்பளப் பிடித்தத்தால் கோபமடைந்த போலீஸார் வேலையை நிறுத்தினார்கள். சில மணி நேரத்தில் கடைகள் சூறையாடப்பட்டன. பப்புவா நியூ கினியில் அந்தக் கலவரத்தில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

நம்மவர்கள் இன்னொன்றைக் கவனிக்காமல் விடுகிறார்கள். ஆஸ்திரேலிய அரசின் பயண அறிவுரையைப் படித்துவிட்டு அது நமக்கும் அப்படியே பொருந்தும் என்று நம்புகிறார்கள். ஆபத்து எல்லோருக்கும் ஒன்றுபோல் இருப்பதில்லை. யார் மீது கோபம் என்பதைப் பொறுத்தது. ஹொனியாராவில் குறி சீனர்களின் கடைகள். ஃபிஜியில் 2000-ஆம் ஆண்டு ஆட்சிக் கவிழ்ப்பின்போது குறி இந்திய வம்சாவளியினர். தலைநகர் சுவாவில் அவர்கள் கடைகள் சூறையாடப்பட்டன. முவானிவெனி என்ற கிராமப்புறத்தில் விவசாயக் குடும்பங்கள் வீட்டை விட்டு ஓடின. 1903 முதல் சென்னையில் கப்பலேறிப் போன ஒப்பந்தக் கூலிகளின் பேரப்பிள்ளைகளும் அந்தச் சமூகத்தில் அடக்கம். அப்படிப்பட்ட நாட்களில் தெருவில் நிற்பவன் நம் பாஸ்போர்ட்டைக் கேட்கமாட்டான், முகத்தைத்தான் பார்ப்பான். ஃபிஜி இன்று அப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

பாஸ்போர்ட் வேறு இடத்தில் கைகொடுக்கும் அல்லது கைவிடும். சாலமன் தீவுகளை இந்தியாவின் போர்ட் மோர்ஸ்பி தூதரகம்தான் சேர்த்துக் கவனிக்கிறது. அது கடல் தாண்டி, வேறு நாட்டில். மீட்பு விமானம் பிரிஸ்பேனுக்குப் போகும் என்றால், ஆஸ்திரேலிய விசா இல்லாத இந்தியப் பயணி என்ன செய்வார்? இதைக் கிளம்பும் முன்பே யோசித்து வையுங்கள். காப்பீட்டையும் வாங்கும் முன் படித்துப் பாருங்கள். உள்நாட்டுக் கலவரத்தையும், ஏற்கெனவே செய்தியான நிகழ்வையும் பல திட்டங்கள் விலக்கிவிடுகின்றன.

கடைசியாக, விடுதிக்காரரிடம் "பாதுகாப்பா இருக்கா?" என்று கேட்காதீர்கள். "வாங்க" என்றுதான் சொல்வார். அவர் பிழைப்பு அது. பள்ளிக்கூடம் திறந்துவிட்டதா, இருட்டிய பிறகு மினி பஸ் ஓடுகிறதா, வங்கியில் பணம் எடுக்க முடிகிறதா என்று கேளுங்கள். ஹொனியாரா என்றால், மத்தியச் சந்தைக்குப் பக்கத்துத் தீவுகளிலிருந்து படகில் காய்கறி வருகிறதா, விற்கும் பெண்கள் சாயங்காலம்வரை உட்கார்ந்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள்.