சும்மா இருக்கும்போதே 50 பாகையா? கொழும்பு அறையில் புரொசசரின் வெப்பத்தையும் வோல்டேஜையும் அடக்கும் வழி

வெள்ளவத்தையில் ஏசி இல்லாத மேல்மாடி அறை. பகல் இரண்டு மணிக்கு அறைக்குள்ளேயே 32 பாகை. கம்ப்யூட்டரில் ஒன்றும் ஓடவில்லை, ஆனால் புரொசசர் 50 பாகை காட்டுகிறது. இதைப் பார்த்துப் புதுக் கூலர் வாங்க ஓட வேண்டாம். காற்றுக் கூலரோ தண்ணீர்க் கூலரோ, எதுவும் புரொசசரை அறை வெப்பத்துக்குக் கீழே இறக்காது. வேலையில்லாத நேரத்தில் அறையைவிட 10 முதல் 20 பாகை கூடியிருப்பது வழமை. வெளிநாட்டு யூடியூப் வீடியோவில் 32 பாகை காட்டுபவர் 20 பாகை அறையில் இருப்பார். அதே மெஷினை இங்கே கொண்டுவந்தால் 44 காட்டும்.

அதனால் முதலில் ஒரு சாதாரண அறை வெப்பமானியைக் கேசின் முன் ஃபேன் காற்றிழுக்கும் இடத்தில் பத்து நிமிடம் வையுங்கள். ஃபோனில் வரும் வானிலைக் கணக்கு இதற்கு உதவாது. மேசைக்கு அடியில், சுவரோடு ஒட்டி இருக்கும் கேசுக்குள் போகும் காற்று, அறையின் நடுவில் உள்ளதைவிடச் சூடானது.

மூன்று எண்களையும் சேர்த்தே பாருங்கள்

வெப்பத்தை மட்டும் பார்த்தால் எதுவும் விளங்காது. எச்டபிள்யூ இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைச் சென்சர்கள் மட்டும் காட்டும்படி திறந்து, வெப்பம், கோர் வோல்டேஜ் (புரொசசருக்குள் வேலை செய்யும் கோர்களுக்குப் போகும் வோல்ட்), பேக்கேஜ் பவர் (சிப் முழுவதும் இழுக்கும் வாட்) ஆகிய மூன்றையும் ஒன்றாகப் பாருங்கள். மெஷின் ஓன் ஆகிப் பத்து நிமிடம் கழியட்டும், பிரவுசர் மூடியிருக்கட்டும். அந்தந்த நொடியின் எண்ணை விட்டு, சராசரிப் பத்தியைப் படியுங்கள். புதுப்பிக்கும் இடைவெளி இரண்டு நொடிக்குக் குறைய வேண்டாம். அடிக்கடி விசாரித்தால் தூங்கும் கோர்கள் எழுந்துவிடும், வோல்டேஜும் கூடியே தெரியும். இரண்டு மூன்று கண்காணிப்பு மென்பொருள்களை ஒரே நேரத்தில் ஓட விடுவதும் இதே தவறுதான்.

இன்டெல் என்றால் சும்மா இருக்கும்போது 5 முதல் 20 வாட் வரை இழுக்கலாம். ஏஎம்டியின் ரைசன் டெஸ்க்டொப் சிப்புகளில் ரேமையும் மற்ற இணைப்புகளையும் கவனிக்கும் தனித் துண்டு (ஐஓ டை) இருப்பதால் 20 முதல் 35 வாட் வரை இயல்பு. ஜி என்று முடியும் மாடல்கள் பெரும்பாலும் இதைவிடக் குறைவு. வாட் இந்த அளவில் இருந்தும் வெப்பம் அறையைவிட 25 பாகைக்கு மேல் கூடினால் பிழை குளிர்விப்பில். வாட் 45, 50 என்று நின்றால் ஏதோ ஒன்று ஓடுகிறது, அல்லது பயோஸ் (மதர்போர்ட்டின் அடிப்படை மென்பொருள்) அமைப்பு கெட்டிருக்கிறது. வோல்டேஜ் மட்டும் கூடி, வாட் குறைவாக இருந்தால்? ரைசனில் அதை விட்டுவிடலாம்.

பலரைப் பயமுறுத்துவது இந்தக் கடைசி விடயம்தான். சும்மா இருக்கும் ரைசன் 1.4 முதல் 1.5 வோல்ட் வரை காட்டுவது அதன் வடிவமைப்பே. சின்ன வேலை வந்ததும் ஒரு கோர் உச்ச வேகத்துக்குப் பாய்ந்து, முடித்துவிட்டுத் தூங்கப் போகும். அந்த நொடியில் வோல்ட் உயர்ந்தாலும் ஓடும் கரண்ட் மிகக் குறைவு. வெப்பம் 40இலிருந்து 55க்குத் தாவி இறங்குவதும் இதனால்தான். வோல்டேஜை 1.2இல் பூட்டி வைத்தால் எண் அழகாகத் தெரியும், ஒற்றைக் கோர் வேகம் போய்விடும்.

இன்னொன்று: சுவர்ப் பிளக்கில் வரும் 230 வோல்ட் கூடிக் குறைவதற்கும் இந்த வோல்டேஜுக்கும் தொடர்பில்லை. பவர் சப்ளை 12 வோல்ட் தருகிறது, அதை மதர்போர்ட்டின் விஆர்எம் என்ற மின்சுற்று ஒரு வோல்ட் சொச்சமாக்குகிறது. ஸ்டெபிலைசர் வாங்கினால் கோர் வோல்டேஜ் இறங்காது.

விதிவிலக்கு: இன்டெல் 13ஆம், 14ஆம் தலைமுறை

65 வாட்டும் அதற்கு மேலும் உள்ள இந்த டெஸ்க்டொப் சிப்புகளில் உயர்ந்த வோல்டேஜ் உண்மையான ஆபத்து. அளவுக்கு மேல் வோல்ட் கேட்டுக் கேட்டு, கோருக்குள் இருக்கும் கடிகாரச் சுற்று தேய்ந்துபோகும். பிறகு கேம் நடுவே நிற்கும், நீலத் திரை வரும். இன்டெல் 2024 ஆகஸ்டில் தந்த 129 மைக்ரோகோட் (பயோஸோடு வரும், சிப்பின் உள்கட்டளைத் திருத்தம்) 1.55 வோல்ட்டுக்கு மேலான கோரிக்கைகளைத் தடுத்தது. செப்டெம்பரில் வந்த 12பி, சும்மா இருக்கும்போதும் சிறு வேலையின்போதும் எழும் கூடுதல் கோரிக்கைகளைச் சரிசெய்தது. 2025 மேயில் 12எஃப் வந்தது. உங்கள் மதர்போர்ட் நிறுவனத்தின் பக்கத்திலிருந்து புதிய பயோஸைப் போட்டு, இன்டெல் டீஃபோல்ட் அமைப்பைத் தெரிவுசெய்யுங்கள். தேய்ந்துபோன சிப்பை எந்த பயோஸும் திருத்தாது. பெட்டியோடு விற்ற சிப்புகளுக்கு இன்டெல் உத்தரவாதத்தை இரண்டு வருடம் நீட்டியிருப்பதால் பில்லைத் தேடி எடுங்கள். பெட்டி இல்லாமல் வாங்கியவர்கள் கடையோடுதான் பேச வேண்டும்.

பயோஸ் போடும்போது யூபிஎஸ் கட்டாயம். நடுவில் கரண்ட் போனால் போர்ட் செத்துவிடலாம். விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லொக்கர் போட்டிருந்தால் மீட்புச் சாவியை முதலில் எழுதி வையுங்கள். பயோஸ் மாறியதும் விண்டோஸ் அதைக் கேட்கக்கூடும்.

வாட் கூடியிருந்தால்

டாஸ்க் மேனேஜரில் சிபியூ பத்தியை அழுத்தி வரிசைப்படுத்துங்கள். விண்டோஸ் அப்டேட், வைரஸ் ஸ்கேன், கோப்பு இண்டெக்ஸிங் ஆகியவை ஒரு மணி நேரத்தில் தாமாக அடங்கும். அடங்காமல் இழுப்பவை லைட் கட்டுப்படுத்தும் மென்பொருள்கள், அசையும் வோல்பேப்பர், கேம் லோஞ்சர்கள். டாஸ்க் மேனேஜரைத் திறந்ததும் வாட் சட்டென்று விழுந்து, மூடியதும் ஏறினால் ஒளிந்திருக்கும் மைனராக (உங்கள் மெஷினில் களவாகக் கிரிப்டோ நாணயம் தோண்டும் மென்பொருளாக) இருக்கலாம். கிராக் செய்த மென்பொருள் போட்ட மெஷினில் இதை முதலில் சந்தேகியுங்கள்.

பவர் பிளானை பலன்ஸ்டில் வைத்து, குறைந்தபட்ச புரொசசர் நிலை 5 வீதமா என்று பாருங்கள். 100 வீதத்தில் இருந்தால் கடிகார வேகம் இறங்காது. பிறகு பயோஸ். கோர் வோல்டேஜ் மனுவலில் 1.35 என்று பூட்டியிருந்தால் ஓட்டோவுக்குத் திருப்புங்கள். சும்மா இருக்கும் கோர்களைத் தூங்க வைக்கும் சி ஸ்டேட் இயங்கட்டும். எல்லாக் கோரையும் அளவுக்கு மேல் விரட்டும் மல்ரி கோர் என்ஹான்ஸ்மென்ட்டை நிறுத்துங்கள். யாரோ ஓவர்குளொக் செய்த (வேகத்தை மிஞ்சிக் கூட்டிய) பழைய போர்ட் வாங்கியிருந்தால் ஒவ்வொன்றாகத் தேடாமல் எல்லாவற்றையும் டீஃபோல்ட்டுக்குக் கொண்டுவந்து, ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பியை மட்டும் மீண்டும் போடுங்கள். ஏஎம்5 போர்ட்டில் (ரைசன் 7000 முதலான சிப்புகளுக்கானது) எஸ்ஓசி வோல்டேஜ், அதாவது கோர்களுக்கு வெளியே உள்ள பகுதிகளின் வோல்ட், 1.30ஐத் தாண்டக் கூடாது. 2023இல் சிப்புகள் கருகிய பிறகு ஏஎம்டி வைத்த எல்லை அது. அதற்கு முந்திய பயோஸ் என்றால் உடனே மாற்றுங்கள்.

வாட் சரி, சூடு மட்டும் கூட என்றால்

கேசின் பக்கத் தகட்டைக் கழற்றிப் பத்து நிமிடம் பாருங்கள். 5 பாகைக்கு மேல் இறங்கினால் கேசின் காற்றோட்டம்தான் பிழை. கடற்கரைப் பக்க வீடுகளில் உப்பு ஈரத்தோடு தூசு ஹீட்சிங்கில் பசையாக ஒட்டும், ஊதினால் மட்டும் போகாது. மென்மையான பிரஷ் வேண்டும். ஊதும்போது ஃபேன் இதழை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

தகட்டைக் கழற்றியும் இறங்கவில்லை, வேலை கொடுத்ததும் இரண்டு மூன்று நொடியில் 95ஐத் தொடுகிறது என்றால் கூலர் சிப்பில் சரியாக உட்காரவில்லை. இன்டெல் பெட்டிக் கூலரின் நான்கு பிளாஸ்ரிக் பின்களில் ஒன்று கழன்றிருப்பது மிகச் சாதாரணம். புதுக் கூலரின் அடியில் பிளாஸ்ரிக் தாளை உரிக்காமல் பூட்டுவதும் நடக்கிறது. தண்ணீர்க் கூலரில் ஒரு குழாய் சுட, மற்றது ஆறிக் கிடந்தால் பம்ப் நின்றிருக்கும். ஒன்று மட்டும்: ரைசன் 7000இன் எக்ஸ் மாடல்கள் முழுவேலையில் 95ஐத் தொடுவது அவற்றின் இயல்பு. அதை இந்தக் கோளாறோடு குழப்ப வேண்டாம்.

ஏஎம்4இல் (முந்திய ரைசன் சாக்கெட்) கூலரைக் கழற்றுமுன் மெஷினைப் பத்து நிமிடம் ஓட்டி, சிப்புக்கும் கூலருக்கும் நடுவிலுள்ள பேஸ்ட்டை இளக்குங்கள். நிறுத்திவிட்டு, கூலரை இடம் வலமாக மெல்லத் திருகித் தூக்குங்கள். நேரே இழுத்தால் புரொசசர் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்து பின்கள் வளையும். பழைய பேஸ்ட்டைத் துடைக்க 99 வீத ஐசோபுரொப்பைல் அல்ககோல் நல்லது. பாமசி ஸ்பிரிட்டில் தண்ணீர் கலந்திருப்பதால், அதைப் பாவித்தால் நன்றாகக் காயவிடுங்கள். நடுவில் பட்டாணி அளவு பேஸ்ட் போதும். திருகாணிகளைக் குறுக்காக மாற்றி மாற்றி, இரண்டு இரண்டு சுற்றாக இறுக்குங்கள்.

இவை எல்லாம் சரியாகி, இன்னும் குறைக்க ஆசையிருந்தால் ரைசனில் கோர் வோல்ட்டைக் குறைக்கும் பயோஸ் அமைப்பான கர்வ் ஒப்டிமைசரை எல்லாக் கோருக்கும் மைனஸ் 10இல் தொடங்குங்கள். இன்டெல்லில் போர்ட் விட்டால் மைனஸ் 0.050 வோல்ட் ஒஃப்செட். முழுவேலைச் சோதனை மட்டும் இதற்குப் போதாது. கர்வ் ஒப்டிமைசரை மிஞ்சிக் குறைத்த சிப் சும்மா இருக்கும்போதுதான் பெரும்பாலும் விழும். ஆகவே இரண்டு இரவு மெஷினை ஓனிலேயே விட்டு, காலையில் விண்டோஸின் ஈவன்ட் வியூவரில் வீயா லொக்கர் (வன்பொருள் கோளாறுப் பதிவு) பிழை இருக்கிறதா என்று தேடுங்கள். ஒன்று இருந்தாலும் மைனஸ் 10ஐ மைனஸ் 5ஆக்குங்கள்.