கல்யாணப் பரிசுக்கு கலம்காரில ஒரு மன்மதன் வரையறது எப்படி

கலம்காரில, அதாவது மூங்கில் பேனாவால துணில வரையற ஓவியத்துல, மயிலும் தாமரையும் போட்டு அலுத்துப்போச்சுன்னா 1608ல பெல்ஜியத்து ஆன்ட்வெர்ப் நகரத்துல ஓவியர் ஓட்டோ வான் வேன் போட்ட காதல் சின்னங்கள் (எம்ப்ளம்) புத்தகத்தை நெட்ல தேடிப் பாருங்க, 124 படம், கிட்டத்தட்ட எல்லாத்துலயும் இறக்கை வெச்ச குட்டி மன்மதன் ஏதாவது ஒரு வேலை செஞ்சிட்டிருப்பான். ஒவ்வொண்ணுக்கும் ஒரு வாசகம், ஒரு படம், ஒரு பாட்டு. பாட்டை ஒரே புத்தகத்துல ரெண்டு மூணு பாஷைல போட்டிருப்பாங்க, வீட்ல தமிழ் கடைத்தெருவுல தெலுங்குன்னு இருக்கிற நம்ம நகரி, புத்தூர் பக்கத்து ஆளுங்களுக்கு இது ரொம்பப் பிடிக்கும்.

முதல்ல படம் தேர்ந்தெடுக்கணும். வாசகம் இல்லாமலே புரியுற படமா எடுங்க, ஏன்னா டைல்ஸ்லயும் மரச்சாமான்லயும் இதைக் காப்பி பண்ணினப்போ எழுத்து பெரும்பாலும் விட்டுப்போச்சு, படம்தான் பேசணும். என் சாய்ஸ்: மன்மதன் 1னு எழுதின பலகையைத் தூக்கிக் காட்டுறான், மத்த எண்கள் இருக்கிற பலகை கால்கீழ கிடக்குது. காதல் ஒருத்தர் மேல மட்டும்தான்னு அர்த்தம். லண்டன் நேஷனல் கேலரில இருக்கிற, டச்சு ஓவியர் வெர்மீரோட ஓவியத்துல சுவர்ல ஒரு மன்மதன் சீட்டைத் தூக்கிக் காட்டுறானே, அதுக்கும் இதுதான் மூலம்னு ஆராய்ச்சிக்காரங்க பல பேர் சொல்றாங்க.

அப்படியே காப்பி அடிக்காதீங்க. நம்ம மன்மதனுக்கு கரும்பு வில், அஞ்சு பூ அம்பு, கிளி வாகனம் இருக்கு, இறக்கையை எடுத்துட்டு கிளியைப் போடுங்க. பலகைல ௧ எழுதலாம். ஆனா எழுத்தைக் கால்ல மிதிக்கிறதை நம்ம வீட்ல யாரும் ஒத்துக்க மாட்டாங்க, அதனால மத்த பலகையைத் தள்ளி சாய்ஞ்சு கிடக்கிற மாதிரி போடுங்க, அர்த்தம் மாறாது.

துணி காடாத் துணியா இருக்கணும். கஞ்சி போக அலசி, கடுக்காய்ப் பொடி கலந்த எருமைப்பால்ல ஊறவெச்சு வெயில்ல காயவைங்க, பால் கொழுப்பு இருந்தாத்தான் மை பரவாது. புளியங்குச்சிக் கரியால லேசா ஸ்கெட்ச் போட்டுக்கிட்டு, கலம்னு சொல்ற மூங்கில் பேனாவால கருப்புக் கோடு இழுங்க. அந்தக் கருப்புக்கு துருப்பிடிச்ச இரும்பையும் வெல்லத்தையும் தண்ணில போட்டு ரெண்டு மூணு வாரம் புளிக்க விடணும், அதனால கல்யாணத் தேதிக்கு முன்னாடியே ஆரம்பிச்சிடுங்க, அவசரப்பட்டா வேலைக்கு ஆகாது. இழுக்கும்போது கோடு வெளிறித்தான் தெரியும், கடுக்காயோட சேர்ந்து கொஞ்ச நேரத்துல கருக்கும், பயந்து மேல மேல இழுக்காதீங்க. கரும்புல கணு போட மறந்துடாதீங்க, இல்லன்னா வெறும் குச்சி மாதிரி தெரியும்.