பதினொரு மணிப் பலகாரத்துக்கு எந்த ஸ்பார்க்ளிங் ஒயின்?

செட்டிநாட்டு வீட்டில் காலை பதினொரு மணிக்கு இலை போட்டால் வெள்ளைப் பணியாரமும் மிளகாய்ச் சட்னியும் கந்தரப்பமும் இடியாப்பமும் கோழிக் குழம்பும் ஒன்றாகவே வந்துவிடும். எண்ணெய், காரம், இனிப்பு மூன்றும் சேர்ந்த அந்த இலைக்குப் பக்கத்தில் பழச்சாறு கலந்த ஸ்பார்க்ளிங் ஒயின், அதாவது குமிழ் நுரைக்கும் ஒயின், வைப்பதாக இருந்தால், பாட்டிலின் விலையைவிட லேபிளில் உள்ள ஒரு சொல்தான் முக்கியம்.

அந்தச் சொல் 'ப்ரூட்'. லிட்டருக்கு 12 கிராமுக்கும் குறைவான சர்க்கரை என்று பொருள். 'எக்ஸ்ட்ரா டிரை' என்றால் 12 முதல் 17 கிராம், வெறும் 'டிரை' என்றால் 17 முதல் 32, 'டெமி செக்' என்றால் 32 முதல் 50. டிரை என்று போட்டிருக்கிறதே, இனிப்பு இருக்காது என்று நம்பி வாங்கி ஏமாறுகிறவர்கள் அதிகம். 75 மில்லி ஆரஞ்சுச் சாற்றிலேயே ஒரு டீஸ்பூனுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. அதோடு டெமி செக் சேர்ந்தால் இரண்டு வாய்க்கு மேல் இறங்காது. பழச்சாறு கலப்பதற்கு ப்ரூட் எடுங்கள். எலுமிச்சை மட்டும் பிழிவதாக இருந்தால் எக்ஸ்ட்ரா டிரை சரியாக இருக்கும்.

விலை உயர்ந்த ஷாம்பெயின் இதற்குத் தேவையில்லை. அது ஈஸ்ட்டோடு பாட்டிலிலேயே குறைந்தது 12 மாதம் கிடப்பதால் வருவது சுட்ட ரொட்டி வாசம்; மாம்பழக் கூழுக்கு அடியில் அது காணாமல் போய்விடும். இத்தாலியின் ப்ரோசெக்கோவுக்குப் பெரும்பாலும் தொட்டியிலேயே நுரை ஏற்றுகிறார்கள். ஆப்பிள், பேரிக்காய் வாசம் தூக்கலாக இருப்பதால் பழத்தோடு ஒட்டிப்போகும். ஸ்பெயினின் காவாவுக்குப் பாட்டிலில்தான் நுரை ஏறுகிறது. குமிழ் பொடியாக, நெடுநேரம் நிற்கும். கூழ் கலக்கும் பானத்துக்கு எங்கள் தேர்வு அதுதான். நாசிக் பக்கத்து சுலா, ஷாந்தோன் ப்ரூட் வகைகளும் தாராளமாகப் போதும். கேஸ் மட்டும் ஏற்றிய மலிவுச் சரக்கு வேண்டாம். சாறு விழுந்த சில நிமிடத்திலேயே குமிழ் அடங்கிவிடும்.

டாஸ்மாக் திறப்பதே பகல் 12 மணிக்கு என்பதால் முந்தைய நாளே வாங்கிவிட வேண்டும். சாதாரணக் கடையில் இது கிடைப்பது அரிது, எலைட் கடையில் கேளுங்கள். மதுரையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ காரைக்குடிக்குக் கொண்டுவருவதாக இருந்தால் டிக்கியில் போடாமல், ஐஸ் போட்ட தெர்மோகோல் பெட்டியில் வையுங்கள். சித்திரை வெயிலில் சூடேறிய பாட்டிலை அப்புறம் எவ்வளவு குளிர வைத்தாலும் வாசம் திரும்பாது. சூட்டோடு திறந்தால் பாதி நுரையாகப் பொங்கி வெளியே போகும்.

750 மில்லி பாட்டிலில், ஒயினும் சாறும் சரிபாதி கலந்தால், கிளாஸுக்கு 75 மில்லி வீதம் கணக்குக்குப் பத்து கிளாஸ், சிந்தல் போக ஒன்பது. பன்னிரண்டு பேருக்கு ஆளுக்கு இரண்டு என்றால் மூன்று பாட்டில். குளிர வைக்க ஃபிரிட்ஜில் மூன்று மணி நேரம் ஆகும். அவசரமென்றால் வாளியில் ஐஸும் தண்ணீரும் சரிபாதி, ஒரு கைப்பிடி கல் உப்பு போட்டுக் கழுத்துவரை முக்கினால் இருபது நிமிடம். ஃப்ரீஸரில் வைத்து மறந்தால் பாட்டில் வெடிக்கும்.

உள்ளே காரின் டயரைப் போல இரண்டு மடங்குக்கு மேல் அழுத்தம் இருக்கிறது. கம்பியை ஆறு அரைச்சுற்றுத் தளர்த்தும்போது கட்டைவிரல் தக்கையின் மேலேயே இருக்கட்டும். பாட்டிலை 45 டிகிரி சாய்த்து, தக்கையை அசையாமல் பிடித்துக்கொண்டு பாட்டிலைத் திருப்புங்கள். 'புஸ்' என்று மெல்லிய சத்தம்தான் வர வேண்டும். வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில், நின்று திறந்தால் பாட்டிலின் வாய் முற்றத்தைப் பார்த்திருக்கட்டும். சுவரில் பெல்ஜியம் கண்ணாடி தொங்கும் வீடுகள் இவை.

கலக்கும் அளவுகள் இனி. மிமோசாவுக்கு 75 மில்லி ஒயின், 75 மில்லி ஆரஞ்சுச் சாறு. ஒயினை முதலில் ஊற்றிப் பிறகு சாற்றை விட்டால் அதுவே கீழிறங்கிக் கலந்துகொள்ளும், கரண்டி வேண்டாம். சாத்துக்குடியில் செய்தால் புளிப்புப் பற்றாது. 100 மில்லிக்கு ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு சேருங்கள். சாத்துக்குடியைப் பிழிந்த உடனே பயன்படுத்த வேண்டும். முதலில் தித்தித்த சாறு, வைத்திருக்க வைத்திருக்கக் கசப்பேறும். விதை நசுங்கினால் இன்னும் மோசம்.

மாம்பழத்துக்கு, பீச் பழக் கூழில் செய்யும் வெனிஸ் நகரத்துப் பெல்லினி பானத்தின் கணக்கு: 50 மில்லி கூழ், 100 மில்லி ஒயின். நாரில்லாத பங்கனப்பள்ளியை அரைத்துச் சல்லடையில் வடிகட்டுங்கள், நார் இருந்தால் அதைப் பற்றிக்கொண்டு நுரை வழியும். இங்கே கூழ்தான் முதலில். அதன் மேல் 20 மில்லி ஒயின் விட்டு, நுரை அடங்கியதும் கிளாஸைச் சாய்த்து மீதியை ஊற்றி, கரண்டியால் அடியிலிருந்து ஒரே ஒரு தூக்கு. கூழும் ஒயின் அளவுக்குக் குளிர்ந்திருக்க வேண்டும். சூடான கூழில் விழுந்த ஒயின் மேசையில்தான் இருக்கும்.

நன்னாரியில் செய்தால் 15 மில்லி நன்னாரி சர்பத், 10 மில்லி எலுமிச்சைச் சாறு, 100 மில்லி ப்ரூட். கந்தரப்பத்துக்கு இதுதான் பொருத்தம். இனிப்புப் பலகாரத்தோடு வெறும் ப்ரூட் குடித்தால் புளிப்பாகத் தெரியும். எண்ணெய்ப் பணியாரத்துக்கு ஒயின் கூட்டி, சாறு குறைத்து வையுங்கள். மிளகாய்ச் சட்னி பக்கத்தில் இருந்தால் சரிபாதிக்குக் குறையாமல் சாறு வேண்டும். ஆல்கஹாலும் குமிழும் காரத்தை இன்னும் ஏற்றிவிடும்.

கிளாஸில் ஐஸ் போடாதீர்கள். சோப்பு ஒட்டிய கிளாஸில் நுரை நிற்காது, வெந்நீரில் அலசிக் கவிழ்த்து வையுங்கள். 21 வயது ஆகாதவர்களுக்கும் வண்டி ஓட்டுகிறவர்களுக்கும் அதே நன்னாரி, எலுமிச்சையில் 100 மில்லி குளிர்ந்த சோடா. மீந்த பாட்டிலின் வாயில் கரண்டியைச் செருகி வைப்பதால் பயன் இல்லை. இறுகப் பிடிக்கும் கிளிப் மூடி போட்டு ஃபிரிட்ஜில் நிறுத்தி வைத்தால் மறுநாள் வரை குமிழ் இருக்கும்.